கேள்வி கேட்கும் கேபிள்

வீட்டில் ஒரு வேலைக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். கத்தரிக்கோல் ஒன்று, டார்ச் லைட் ஒன்று, குடை ஆளுக்கு ஒன்று. இரண்டாவது எதுவும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அது வேறு யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கெடுபிடியைப் பார்த்துத்தான் அவள் கணவர் அவளுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள்கூட "ஆபீசர் இருக்காங்களா?" என்றுதான் போனில் கேட்பார்கள். நிஜத்தில் அவள் ஆபீசரெல்லாம் கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸை அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறவள்.

கணவருக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும், எது தாமதம், யார் வீட்டுப் பிள்ளை தொலைந்துபோய் அழுதுகொண்டு நிற்கிறது எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல். மைக் வேலை செய்யாத நாட்களில் அறிவிப்புக் கூண்டின் ஜன்னலைத் திறந்துவிட்டு வெறும் வாயாலேயே அறிவிப்பார். கடைசி நடைமேடை வரைக்கும் கேட்கும்.

அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். யோசிக்க அவகாசம் இல்லை. எடுத்தார்கள், உயிர் பிழைத்தது. அதற்காக அவள் இன்றைக்கும் எல்லா தெய்வத்தையும் கும்பிடுகிறாள். ஆனால் மனிதர் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டினார். சொல்ல வேண்டுமென்றால் ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எழுதினால் போதும், அது பேசும். கணவர் ஆசையோடு 'தண்ணி வேணும்' என்று எழுதினார். "தண்ணி வேணும்!" என்றது உள்ளேயிருந்து ஒரு வாலிபக் குரல், பற்பசை விளம்பரத்தில் வருகிறவன்போல. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்கப்புறம் தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய்க் குடித்தாரே ஒழிய, அதைத் தொடவில்லை.

"இவரோட பழைய பேச்சு ஏதாவது பதிவாகி இருந்தா கொண்டு வாங்க. சுத்தமா, பக்கத்துல வேற சத்தம் இல்லாம இருக்கணும். இவர் குரல்லயே பேசற மாதிரி பண்ணிடலாம்," என்றார் அந்த அம்மா. "ஆனா சீக்கிரம் வேணும். மாசக் கடைசியில நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் இதைச் செஞ்சு குடுக்க இங்க ஆள் இல்ல."

பதிவுக்கு எங்கே போவது? வீட்டு விசேஷ வீடியோவில் எல்லாம் படம் பிடித்ததே அவர்தான், அதனால் அவர் எதிலும் இல்லை. போனில் வந்த குரல் செய்திகளில் பின்னால் பஸ் ஹாரன் அலறியது. பேருந்து நிலையத்தில் போய்க் கேட்டாள். புது மெஷின் வந்துவிட்டதாம், பழையதையெல்லாம் அழித்துவிட்டார்களாம். "சாரோட குரல் இல்லாம ஸ்டேஷனே நல்லா இல்லம்மா," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு ரெக்கார்டர்தான். கட்டைவிரல் நீளம். புது வழித்தடம் வரும்போதெல்லாம் ஊர்ப் பெயர்களை வீட்டில் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்வார். ஒருநாள் அது நடைமேடையில் விழுந்து திரை இருண்டது, பொத்தான் எல்லாம் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. வீட்டில் வேறு ரெக்கார்டர் இல்லாததால் மட்டும்தான் அவள் கையிலிருந்து அது தப்பித்து அலமாரியில் கிடந்தது.

கம்ப்யூட்டரில் சொருகினால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று சொன்னது அவள் தம்பி. அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, அவனைக் கேட்டால். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பும் கையுமாக வந்து உட்கார்ந்தான். கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டில் இருந்த ஒரே வெள்ளைக் கேபிளை அவள் எடுத்துக் கொடுத்தாள். சொருகினான். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுதுடா!" என்றாள் அவள்.

"இரு அக்கா, கம்ப்யூட்டர்ல வரணும்."

வரவில்லை. கழற்றி மாட்டினான். வேறு ஓட்டையில் மாட்டினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். தன் பையிலிருந்த குட்டி மின்விசிறியின் கேபிளையும் எடுத்துப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. திரையில் ஒன்றையும் காணோம்.

"கேபிள்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று அவள் கேட்டாள்.

"கேபிள் நல்லா இருக்கப்போயிதான லைட் எரியுது? ரெண்டு கேபிள் மாத்திப் பாத்தாச்சுக்கா. உள்ள மெமரி போயிடுச்சு. கீழ விழுந்ததுல செத்துடுச்சு. இதை வெச்சு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, மாமா." கடைசி வார்த்தையை அவன் மெதுவாகத்தான் சொன்னான். நல்ல பிள்ளைதான், அவசரக்குடுக்கை.

கணவர் பலகையை எடுத்தார். 'விடு' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதைத் தாமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார்.

அன்றிலிருந்து அவர் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். ஆமாம் என்றால் தலை ஆட்டல், இல்லை என்றால் தலை ஆட்டல், மற்றதற்கு ஜன்னல் பக்கம் பார்வை. குரல் போனதை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். பேசும் ஆசையே அவருக்குப் போய்விடுமோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதர் வாயை மூட மாட்டாரா என்று சலித்துக்கொண்டவள்தான். இப்போது கடையில் லென்ஸை அரைத்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிடும், லென்ஸில் தண்ணீர் விழும், துடைத்துவிட்டு அரைப்பாள்.

இந்த நிலைமையில் அண்ணியின் கண்ணாடி தயாரானது. அண்ணி என்றால் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவள். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி ஒரு தடவைகூடத் தன் தம்பியைப் பார்க்க வரவில்லை. பழம் வாங்கி ஆள் மூலம் அனுப்புவாள், போனில் விசாரிப்பாள், அவ்வளவுதான். கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று ஆபீசருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வேலை வேலைதானே. புது லென்ஸைப் பொருத்தி, திருகாணி இறுக்கி, துடைத்து, பெட்டியில் போட்டு, தானே கொண்டு போனாள்.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்த," என்று அண்ணி கையை நீட்டினாள். "கண்ணாடி இல்லாம டைப் அடிச்சு மானம் போகுது. மேலாளர்னு வரவேண்டிய இடத்துல மேளக்காரர்னு அடிச்சுக் குடுத்திருக்கேன். அந்த ஆள் வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போனார்."

ஆபீசர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். அண்ணி விட்டால்தானே!

"இரு, இரு. உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எனக்குன்னு பாத்து ஒரு கேபிள் குடுத்தியே, அதுக்கு என்ன வியாதி?"

அது நடந்து ஒரு வருஷம் இருக்கும். ரெக்கார்டரோடு வந்தது ஒரு கட்டையான கறுப்புக் கேபிள். பிறகு வாங்கிய சார்ஜ் விளக்கோடு மெல்லிய வெள்ளைக் கேபிள் ஒன்று வந்தது. இரண்டுக்கும் முனை ஒரே மாதிரி. ஒரு வேலைக்கு ஒரு பொருள் அல்லவா? புதிதை வைத்துக்கொண்டு, பழைய கறுப்பை அண்ணிக்குக் கொடுத்துவிட்டாள். அவளே மறந்துபோன சங்கதி.

"ஏன் அண்ணி, சார்ஜ் ஏறலையா?"

"ஏறுது, அதெல்லாம் அமோகமா ஏறுது. ஆனா போனைக் கம்ப்யூட்டர்ல சொருகினா போதும், ஏதோ கேள்வி கேட்டுக்கிட்டு நிக்குது. பதில் சொல்ற வரைக்கும் விடாது. என் பழைய கேபிள் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாத்துச்சு. இது ஒரே தொணதொணப்பு. ஓட்டைக் கேபிளை என் தலையில கட்டிட்டயோன்னு நினைச்சேன், சொல்லல."

இப்போது மட்டும் சொல்லாமல் விட்டாளா என்ன! ஆபீசருக்குச் சுருக்கென்றது. "என்ன கேக்குது?"

"யாருக்குத் தெரியும்? எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. இரு, இப்பதான் கண் வந்துடுச்சே." அண்ணி புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைச் சொருகினாள். எட்ட வைத்து, கிட்ட வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "இந்தக்... கணினியை... நம்பலாமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்பலாமாவா!" அண்ணிக்கு மூக்கு விடைத்தது. "நான் பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருக்கேன் இந்தக் கம்ப்யூட்டரை. என் வீட்டுக்கு வந்து, என் கரண்டைக் குடிச்சுட்டு, என் சாமானையே சந்தேகப்படுது பாரு! உன் கேபிள் உன்னை மாதிரியே இருக்கும்மா."

ஆபீசருக்குச் சிரிப்பு பீறிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பாதியிலேயே அது நின்றுபோனது.

"அண்ணி, உங்க பழைய கேபிள் இருக்கா?"

"இருக்கு. கழுத்துகிட்ட பிஞ்சிருக்கு. முறுக்கிப் பிடிச்சா வேலை செய்யும்."

மெல்லிய கேபிள்தான், ஏதோ மேஜை விளக்கோடு வந்தது. ஆபீசர் அதைச் சொருகி, முறுக்கிப் பிடித்தாள். போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. கேள்வி வரவில்லை. கறுப்பைச் சொருகினாள். நம்பலாமா என்றது. மறுபடி மெல்லியது. சார்ஜ் ஏறியது, கேள்வி இல்லை.

கண்ணாடிக் கடையில் சில பேர் அழகுக்காக வெறும் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். ஃபிரேமில் மாட்டிவிட்டால் பவர் லென்ஸுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, எழுத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. போன் வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தானே, நம்பலாமா என்ற கேள்வியே வரும்? மெல்லிய கேபிள் கரண்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வந்தது யார் என்று வாயே திறக்கவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு ரெக்கார்டர் பேசாமல் இருந்ததும் இதனால்தானோ? அதன் கேபிளே இதோ இங்கே அல்லவா கிடக்கிறது?

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கறுப்புக் கேபிளைத் திருப்பிக் குடுங்க."

"அடேயப்பா! வியாதின்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்வளவு ரோஷமா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கற முதல் ஆள் நீதான்மா."

"ரோஷம் இல்ல அண்ணி." உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டேப்லெட், பற்பசைக் குரல், செத்துப்போனதாகச் சொன்ன ரெக்கார்டர், 'விடு' என்று எழுதியது, எழுதுவதையும் நிறுத்தியது, மாசக் கடைசி. சொல்லச் சொல்ல அண்ணியின் முகத்திலிருந்த கேலி வடிந்துவிட்டது.

அண்ணி கறுப்புக் கேபிளை எடுத்தாள். சுற்றி மடித்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "நானும் வரேன்," என்றாள்.

செருப்பை மாட்டும்போது ஆபீசரால் அடக்க முடியவில்லை. "இத்தனை நாளா வரலையே அண்ணி."

"வரலைதான்." அண்ணி நிமிரவில்லை. "அவன் குழந்தையில அழுதா தெருவே கூடிடும், அவ்வளவு சத்தம். நான்தான் தூக்கி வெச்சுப்பேன். அவன் வாயைத் திறந்து சத்தம் வராம இருக்கறத என்னால பாக்க முடியாதும்மா. என்னைத் திட்டு, பரவாயில்ல. பயந்துட்டேன்."

ஆபீசர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இளைச்சுட்டடா," என்றாள். அவர் அலமாரிப் பக்கம் போய், மூலையில் கிடந்த பலகையைத் தேடி எடுத்து, எழுதி நீட்டினார். அண்ணி புதுக் கண்ணாடி வழியாகப் படித்தாள். 'இப்பதான் வழி தெரிஞ்சுதா?'

"ஆமாண்டா," என்றாள் அண்ணி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

தம்பி விட்டுப்போன லேப்டாப் மேஜையிலேயே இருந்தது. ஆபீசர் கறுப்புக் கேபிளை ரெக்கார்டரில் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அது எப்போதும் எரிவதுதான், அதை யாரும் மதிக்கவில்லை. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அண்ணி ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டாள். அப்போது லேப்டாப் 'டிங்' என்றது. திரையில் ஒரு பெட்டி திறந்து, அதற்குள் வரிசையாக, மேலிருந்து கீழே, பதிவுகள்.

அவள் முதலாவதை அழுத்தினாள்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு," என்றார் அவள் கணவர், லேப்டாப்பிலிருந்து. கூடம் முழுக்க அந்தக் குரல். "மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்து சற்று நேரத்தில்..." நாற்காலியில் இருந்தவரின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு ஊர்ப் பெயரில் குரல் தடுக்கி, "சே!" என்றது. அந்தச் 'சே'யையும் உதடுகள் சொல்லின. அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துத் துடைத்து மாளவில்லை.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

"கேபிளா? நான் அப்பவே நினைச்சேன்க்கா."

"நினைச்ச, நினைச்ச."

"இல்லக்கா, நிஜமா. சில கேபிள்ல கரண்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போற கம்பியே வைக்க மாட்டாங்க. விளக்கு, ஃபேன் கூட வர்றதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். அதுங்களுக்குப் பேச என்ன இருக்கு, சொல்லு?" என்று அவன் விளக்கமாக வகுப்பு எடுத்தான். இதைப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்கலாம். அவள் திட்டவில்லை, சந்தோஷத்தில் இருந்தாள்.

பேச்சுப் பயிற்சி அம்மா எல்லாப் பதிவையும் கேட்டார். முகம் அவ்வளவாக மலரவில்லை. "குரல் அருமை. ஆனா எல்லாமே அறிவிப்பா இருக்கே. இதை வெச்சுப் பண்ணினா, வீட்ல உப்பு கேட்டாக்கூட பஸ் வர்ற மாதிரிதான் கேப்பார்."

ஆபீசருக்கு முகம் விழுந்துவிட்டது. கணவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா கடைசிப் பதிவை அழுத்தினார், அது மற்றதைவிட ரொம்ப நீளம். இரண்டு அறிவிப்பு வந்தது. பிறகு ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டார்போல, நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் வெடித்தது பாருங்கள்.

"இங்க ஒரு குடை இருந்துச்சே, எங்க? யாருக்குத் தூக்கிக் குடுத்த? ஆளுக்கு ஒரு குடை போதுமா? ஏம்மா, மழை உன் சட்டப்படியா பெய்யுது? இப்படியே போனா ஒருநாள் நான் வர்றதுக்குள்ள என்னையும் யாருக்காவது குடுத்துடுவ. வீட்ல ரெண்டு பேர் எதுக்கு, ஒருத்தர் போதும்னு சொல்லுவ!"

அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கோபம், கிண்டல், தானே சிரித்துக்கொள்வது, சமாதானம், பிறகு சட்டை எங்கே என்று கேட்டு மறுபடி கோபம். நடுநடுவே தூரத்திலிருந்து அவள் பதில் சொல்வது மெலிதாகக் கேட்டது. ஆபீசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குடும்ப வண்டவாளம் முழுவதும் ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருக்கிறதே!

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதாங்க வேணும்! மனுஷன் வீட்ல பேசற பேச்சு. இதை வெச்சே பண்ணிடலாம்." கணவர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். சத்தம் இல்லாமல் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மாசக் கடைசிக்கு முன்னாலேயே டேப்லெட் வந்துவிட்டது. வந்த அன்று அவர் அதைத் தொடவில்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். தான் பார்த்துக்கொண்டே நின்றால் எப்படிப் பேசுவார் என்று அவள் நினைத்தாள். கேட்கவும் பயமாக இருந்தது. வேறு யார் குரலோபோல இருந்துவிட்டால் என்ன செய்வது? வேலை இருப்பதுபோலச் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயின் சத்தத்தில் மனசு எங்கோ போய்விட்டது.

"ஏம்மா! எங்க இருக்க? இங்க வா!"

"கத்தாதீங்க! இங்கதான இருக்கேன், வரேன்!" என்றாள் எரிச்சலோடு.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு, வைக்க முடிந்த அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அவர் திரையைத் தட்ட, அந்தக் குரல் வீடு அதிரச் சொன்னது:

"அப்படித்தான் கத்துவேன்!"